அநாதேசம் போனவர்களின் பயணக் கட்டுரை

தஞ்சாவூர் போய்வந்த மலேசியத் தமிழர் எழுதும் பயணக் கட்டுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோலாலம்பூரில் ஏறி திருச்சியில் இறங்குவார். ஒரு மணி நேரம் கார். பெரிய கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உடம்பு சிலிர்க்கும். கோபுர நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொன்னதை அப்படியே எழுதிவைப்பார் (விழும், சாயங்காலம் போய் நின்றால் யாரும் பார்க்கலாம்). அப்புறம் ராஜராஜன், ராஜேந்திரன், 1025-இல் கடாரம் நோக்கிப் புறப்பட்ட கப்பல் படை. கடைசிப் பத்தியில் 'என் முன்னோர் கட்டிய கோயில்' கட்டாயம் வரும்.

ஈப்போவில் கையில் கிடைக்கிற ஆண்டுமலர், சங்க இதழ் எல்லாவற்றிலும் இப்படி ஒன்றாவது இருக்கிறது. மொழி மோசம் என்று சொல்ல மாட்டேன். சிலர் நன்றாகவே எழுதுகிறார்கள். எனக்குள்ள கேள்வி வேறு: எழுதுகிறவரின் தாத்தா இந்தக் கட்டுரையில் எங்கே?

சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் பால்மரம் சீவ வந்தவர்களில் பலர் அதே தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்துதான் கிளம்பினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கில் இறங்கினார்கள். கங்காணிகள் கூட்டிவந்தவர்களில் கணிசமானவர்கள் தீண்டாமைக்கு ஆளான சாதிகள். கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது 1938-இல். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1939-இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'என் முன்னோர்' என்று நெகிழ்கிற பேரனின் பாட்டன், அந்த வாசலைத் தாண்ட விடாத காலத்திலேயே கப்பல் ஏறிப் போயிருக்கலாம். பேரன் பாஸ்போர்ட்டோடு வந்து உள்ளே நிற்கிறான். இதைவிடப் பெரிய விஷயம் அந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது? ஆனால் கட்டுரை நந்தியின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அகிலன் ராஜேந்திர சோழனை வைத்து 'வேங்கையின் மைந்தன்' எழுதினார்; 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அவரே பின்னால் மலேசியத் தோட்டத் தொழிலாளர்களை வைத்து 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். இரண்டும் ஒரே கை எழுதியவை. நம் பயணிகள் பெட்டியில் முதல் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சரி, தஞ்சாவூரில் ராஜாக்களைத் தவிர வேறு யாரும் இல்லையா என்றால், சுவர் முழுக்க இருக்கிறார்கள். திருச்சுற்று மதிலில் ஒரு நீண்ட கல்வெட்டு. ராஜராஜன் திருவாரூர், பழையாறை, திருவையாறு என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினான். ஒவ்வொருத்தி பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். 'சிறகு' என்றால் வீட்டு வரிசை. நாம் லயம் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான்! படிக்கப் படிக்கத் தோட்டத்துச் செக்ரோல் மாதிரியே இருக்கும்.

அதில் ஒரு விதியும் உண்டு. இவர்களில் யாராவது செத்தாலோ 'அநாதேசம்' போனாலோ, அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கைப் பெற்று வேலை செய்ய வேண்டும். அநாதேசம் என்றால் வேற்று நாடு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சம்பளக் கணக்கில், விட்டுப் போகிறவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மைப் பற்றி அந்தக் கோயிலில் ஏதாவது எழுதியிருக்கிறது என்றால் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வேன். நான் படித்த எந்தப் பயணக் கட்டுரையிலும் இது இல்லை.

ராஜா நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களை யாரும் விருப்பம் கேட்டுக் கூட்டிவந்திருக்க மாட்டார்கள். பெயரை எழுதியது கணக்குக்காகத்தான். தோட்டத்துக் கிராணியும் கணக்குக்காகத்தான் எழுதினார். என்ன, அவர் எழுதியது தாளில்.

இந்தப் பழக்கத்தை உள்ளூரிலேயே கற்றுக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். வெள்ளைக்காரத் துரை, பாதியில் நின்ற மாளிகை, 1926-இல் லிஸ்பனில் அவர் செத்துப்போனது, பேய். சுவர் எழுப்பிய தமிழ் ஆட்கள் ஒரு வரியில் வந்து போவார்கள். பக்கத்திலேயே அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் துரைக்கும் ஒரு சிலை உண்டு. பேருந்து அங்கே நிற்பது அபூர்வம்.

எங்கள் பாட்டி இன்னும் சொல்லும்: "மூணாம் லயம், ஏழாம் கதவு. பெரட்டுக்கு மணி அடிச்சா மொத ஆளா நாந்தான் நிப்பேன்." அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. வருகிற டிசம்பர் விடுமுறையில் தஞ்சாவூருக்கு டிக்கெட் போட்டிருப்பவர்கள், போவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் கதவு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு போய் மதில் ஓரம் நின்று எழுதுகிற கட்டுரையைப் படிக்கத்தான் காத்திருக்கிறேன்.