பாக்ஸ்டரின் போதகரும் ஆதாய ஆசையும்

ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656இல் வெளியிட்ட ‘சீர்திருந்திய போதகர்’ என்னும் நூலை இறையியல் மாணவர்கள் இன்றும் பயின்று வருகின்றனர். தலைப்பைக் கண்டு அதனைக் கால்வினியக் கோட்பாட்டு நூலெனக் கருதுவாருண்டு. ஆசிரியர் கருதியதோ தம் பணியில் உயிர்ப்பிக்கப்பட்ட போதகரையே. 1655 டிசம்பரில் வூஸ்டர் நகரில் கூடித் தங்கள் குறைகளுக்காகத் தேவசமுகத்தில் தம்மைத் தாழ்த்தவிருந்த போதகர்களுக்கென அதனை ஆயத்தம் செய்தார். நோய் தடுத்தமையால் உரை நூலாயிற்று.

உலக ஆதாயத்தைக் கண்டிக்கையில் பாக்ஸ்டர் களவையோ கையூட்டையோ தேடிச் செல்வதில்லை. ஆள்வோருக்கேற்ப வளைந்துகொடுத்தல், உலக அலுவல்களில் மிதமிஞ்சி ஈடுபடுதல், ஈகையில் வறண்டிருத்தல் என்பனவற்றையே சுட்டுகின்றார். மன்னராட்சி வீழ்ந்து குடியரசு எழுந்த அந்நாட்களில் முதலாவது குற்றம் எத்தனை பேரைத் தைத்திருக்கும்! எனினும் மூன்றாவதே நூலின் கூர்மையான பகுதியென்போம். முறைப்படி பெற்ற ஊதியத்தை முழுவதும் தனக்கென்றே வைத்துக்கொள்பவனிடம் எந்தக் கணக்காய்வாளரும் குறை காணமாட்டார். பாக்ஸ்டர் காண்கிறார்.

அவர் சொல்லியதைச் செய்தவர் என்பதும் உண்மை. கிடர்மின்ஸ்டரில் ஏறத்தாழ 800 குடும்பங்கள் இருந்தன. திங்கள், செவ்வாய் இருநாட்களிலும் அவரும் உதவியாளரும் வாரத்திற்குப் பதினான்கு குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்து உபதேசித்தனர். 1660இல் ஹெரெஃபோர்டு பேராயர் பதவியை மறுத்தார். இதனைத் தன்னலமின்மைக்கு மட்டும் சான்றாக்குதல் பொருந்தாது; அன்றைய பேராயர் ஆட்சிமுறையோடு அவருக்குக் கருத்து வேறுபாடும் இருந்தது.

நமக்கு இடறலாயிருப்பது வேறொன்று. ஆண்டுக்கு நூறு பவுன் பெறும் போதகர் அதில் ஒரு பகுதியால் குடும்பத்தை நடத்தி, எஞ்சியதை உதவிப் போதகருக்குக் கொடுப்பது கடமை என்கிறார். மனைவி மக்களின் தேவையைக் காட்டுவோருக்கு, சபையில் அதனினும் குறைவாகப் பெற்று வாழ்வோரை நினைவூட்டுகிறார். இதனை எழுதியபோது அவர் மணமாகாதவர். தாமே மனமுவந்து செய்ததைப் பிறர்மேல் கடமையாகச் சுமத்துகையில், உற்சாகம் எங்கே நிற்கும்?

1 பேதுரு 5:2 இவ்விடத்தில் நமக்கு உதவும். அங்கே இழிவான ஆதாயத்திற்கு முன்பே கட்டாயம் விலக்கப்படுகிறது. ஆதாயத்தைக் குறிக்கும் கிரேக்க வினையடை புதிய ஏற்பாட்டில் அவ்விடத்தில் மட்டுமே வருவது. நமது திருப்புதலில் ‘அவலட்சணமான’ என்ற சொல் அதன் அருவருப்பை நன்கு காட்டுகிறது. அச்சொல்லின் வலிமையில் மயங்கி முந்திய சொல்லைக் கடந்துவிடுவது வாசகர் வழக்கம். அச்சத்தாலும் குற்றவுணர்வாலும் உந்தப்பட்டு உழைக்கும் போதகர் பணத்தாசை அற்றவராயிருக்கலாம். பேதுரு விரும்பிய மேய்ப்பர் அவரல்லர். பாக்ஸ்டர் ஆதாயத்தைத் துரத்துவதில் வல்லவர். கட்டாயத்தை அவர் போதிய அளவு அஞ்சவில்லை.

1662இல் அவர் மார்கரெட் சார்ல்ட்டனை மணந்தார். மணத்திற்கு முன் அவர் சில நிபந்தனைகள் விதித்தார். பொருளாசையால் மணந்தார் என்னும் பேச்சு எழாதபடி, அவளுக்கு முன்பிருந்த செல்வத்தில் தமக்குப் பங்கு வேண்டாமென்பது ஒன்று. ஊழியத்திற்குரிய தம் நேரத்தில் எதையும் அவள் எதிர்பார்க்கலாகாது என்பது மற்றொன்று.