கேட்டலும் நடிப்பே: ரி. எஸ். பாலையாவின் கலை

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கதைத்தலைவனையும் தலைவியையுமே போற்றி அமைவர். குணசித்திர நடிகருக்கு ஒரு வரி ஒதுக்குவதும் அரிது. இவ்வழக்கின் குறையை உணர்த்த ரி. எஸ். பாலையாவின் (1914–1972) கலைவாழ்வு ஒன்றே சாலும்.

நாடக மேடையிற் பயின்ற பாலையா, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) வாயிலாகத் திரைக்கு வந்தார். நண்பனைக் குடிக்குப் பழக்கும் இராமநாதன் அவர் ஏற்ற வேடம். அக்குடியாற் கெட்ட கதைத்தலைவன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்திற் கூலியாளாகின்றான். ஆகவே பாலையாவின் முதற் படத்திலேயே ஈழநாட்டிற்கும் பங்குண்டு. ‘அம்பிகாபதி’ (1937) முதலாகத் தீயோர் வேடங்களே அவரைத் தொடர்ந்து வந்தன. மேடைக்குரிய ஓங்கிய குரல் அக்காலத்து நடிப்பிற் சிறிது மிகுந்தே ஒலித்தது என்பதை மறுத்தற்கில்லை.

அவர் கலை முதிர்ந்தது 1960களிலேயாம். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் மகன் செல்லப்பா, தான் எடுக்கவிருக்கும் படத்தின் கதையைத் தந்தை விசுவநாதனுக்குச் சொல்கின்றான். சொல்லும் ஓசையும் நாகேசுக்கே உரியன. பாலையா கேட்கின்றார், அவ்வளவே. ஆயினும் அச்சம் படிப்படியாக ஏறும் அம்முகம் இல்லையேல் அக்காட்சி வெறும் கூச்சலாய் முடிந்திருக்கும்.

‘திருவிளையாடல்’ (1965) இதனினும் சிறந்த சான்று. ஏமநாத பாகவதரின் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் பாலமுரளிகிருஷ்ணா. செருக்குக்கு உடல் கொடுத்தவர் பாலையா. விறகு விற்பவனாய் வந்த இறைவன் திண்ணையிற் பாடக் கேட்டு, அச்செருக்கு அழிகின்றது. பாகவதர் இரவோடிரவாக மதுரையை நீங்குகின்றார். இராவணன் வெட்டைக் கண்டு வளர்ந்த கோணமலை மக்களுக்குச் செருக்கடங்கும் கதை புதிதன்று. அதை ஒரு முகத்திற் காண்பதே புதிது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் அவர் தவிற்காரர் முத்துராக்கு. நாகசுரத்தை நன்கு கேட்பவனே நல்ல தவிற்காரன். துணைநடிப்பின் இலக்கணமும் அதுவே. தம் முறை வராதபோதும் பாத்திரமாகவே நின்றவர் பாலையா.

கல்லூரி நாடகங்களில் வசனம் மிகுந்த மன்னன் வேடத்திற்கே மாணவர் முந்துகின்றனர். பிறர் பேசும்போது தூணென நிற்கின்றனர். அவர்கள் முதலிற் பயில வேண்டியது பாலையா கேட்கும் காட்சிகளையே.