கூட்டிசையும் சுவைஞரும்

ஒரே பாடலைக் கேட்டு எழுந்த இருவர், வெவ்வேறு பாடல்களைக் கேட்டவர்போல் பேசுவதுண்டு. சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில்களில் தேவாரம் கூட்டாகப் பாடப்படும்போது இதனைக் காணலாம். "குரல்கள் ஒன்றாகி நெஞ்சை உருக்கின" என்பார் ஒருவர். "பண் எங்கே, கமகம் எங்கே? வெறும் இரைச்சல்" என்பார் மற்றொருவர். சொல் தெளிவாகக் கேட்டதா என்பதே மூன்றாமவர் கவலை. சுவை அவரவர்க்குரியது என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், திறனாய்வு அவ்வளவில் அமைதல் ஆகாது.

பலர் கூடித் திருமுறை ஓதும் மரபு நமக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பேரையும், உடுக்கைக்கும் கொட்டிமத்தளத்திற்கும் ஒவ்வொருவரையும், ஆக 50 பேரை முதலாம் இராசராசன் அமர்த்தியதை அக்கோயிற் கல்வெட்டு உரைக்கின்றது. ஆனால், எல்லாப் பாடலும் கூட்டிசைக்கு ஒத்துவருமா என்பதே வினா.

தேவாரம் தாளத்தோடு பாடப்பட்டால் பண்ணாங்கம்; தாளமின்றிப் பாடப்பட்டால் சுத்தாங்கம். பண்ணாங்கத்தில் தாளம் கயிறுபோல் நின்று குரல்களைக் கட்டுகின்றது. சுத்தாங்கத்தில் அக்கயிறு இல்லை. எவ்வசை நீள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பாடுவோர் உள்ளமே முடிவு செய்யும். ஓதுவார் ஒருவர் தனித்துப் பாடுங்கால் உருக்கும் திருத்தாண்டகம், இருபது பேர் பாடுங்கால் முன்பின்னாகச் சிதறுவது இதனாலேயே. அக்குற்றம் பாடினோரைச் சார்ந்ததன்று. பாடலைத் தேர்ந்தவரைச் சார்ந்தது.

திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையும் இதற்குச் சான்று. அங்குக் கூட்டாகப் பாடப்பெறும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. அவற்றின் சுரங்களுக்குரிய சொற்களும் முன்னரே யாக்கப்பட்டவை. ஆதலின் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே பாட இயலுகின்றது. ஆலாபனையும் நிரவலும் தனிக் கலைஞரின் கற்பனைக்குரியன. அவற்றை அக்கூட்டத்தில் தேடுவார் ஏமாற்றமே அடைவர்.

எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் இசைக்குழுவின் வழி வேறொரு பாதையை வகுத்தார். பாரதி பாடல்கள் முதலியவற்றை மேனாட்டுப் பல்குரல் முறையில் அவர் அமைத்தார். பல்குரல் இசைவிற்கு நிலைத்து நிற்கும் சுரம் வேண்டும். கமகமோ சுரத்தை அசைப்பது. ஒன்றைப் பெற மற்றொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். அவ்விசையின் விரிவைப் புகழ்ந்தோரும் கமகத்தின் குறையைச் சுட்டினோரும் தாம் கேட்டதையே கூறினர்.

ஆகவே, தனியிசையின் நலத்தைக் கூட்டிசையிடம் எதிர்பார்ப்பதே பிணக்கின் வேர் எனலாம். கூட்டிசைக்குரிய அளவைகள் மூன்று: சுருதி பிசகாமை, சொல் சிதையாமை, ஒருவர் குரலை மற்றவர் கேட்டுப் பாடுதல். பக்தி இருந்தால் போதும் என்று சுருதிப் பிழையை மன்னிப்பதும் முறையன்று.

சுங்கை சிப்புட்டில் இது வெறும் சுவை விவாதமன்று. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்து மக்கள் கூடி நடத்திய பஜனைக் குழுக்கள் கலைந்தன. எஞ்சிய குழுக்களைச் சிறுவர்களே தாங்குகின்றனர். ஒலிப்பதிவில் தனிக்குரல் கேட்டுப் பழகியோர், "நன்றாகப் பாடும் இருவர் போதும், மற்றவரை நிறுத்துங்கள்" என்கின்றனர். அவ்வாறு செய்தால் அன்றைய நிகழ்ச்சி சிறக்கலாம். ஆனால், நிறுத்தப்பட்ட பிள்ளை மறுவாரம் வருவதில்லை. அப்பிள்ளையின் பெற்றோரும் வருவதில்லை. குரல் வளம் குன்றிய பிள்ளைக்குத் தாளம் போடவும் சுருதி கேட்கவும் முதலில் பயிற்றி, பின்னர்ப் பாடவிடும் ஆசிரியரே அக்குழுவைக் காப்பவர் ஆவார். கேட்போரும் அடுத்த முறை கோயிலுக்குச் செல்லுங்கால், எக்குரல் இனிது என்று தேடாமல், குரல்கள் ஒன்றையொன்று கேட்கின்றனவா என்று செவிமடுப்பாராக.