யார் கேட்கிறார் என்று தெரியாமல் அனுப்புவது

தொரப்பள்ளியிலிருந்து ஓசூர் சிப்காட் வரையுள்ள ஆலைகளில் நெட்வொர்க் அமைப்பவர்களுக்கு ஒரு கேள்வி அடிக்கடி வரும். கேமராப் படத்தைக் கட்டுப்பாட்டறை, வாயில், மேலாளர் அறை என எல்லா இடத்துக்கும் மல்ட்டிகாஸ்ட்டில் கொடுக்கலாமா? கணக்கு எளிது. 4 மெகாபிட் படத்தைப் பத்துப் பேர் தனித்தனியே பார்த்தால் கேமரா 40 மெகாபிட் அனுப்பவேண்டும். மல்ட்டிகாஸ்ட்டில் 4 போதும்; பிரதி எடுப்பதை ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும்.

ஸ்டீவ் டீரிங் 1989-இல் ஆர்எஃப்சி 1112-இல் வகுத்த இந்த முறையில், யார் கேட்கிறார்கள் என்பது அனுப்புபவருக்குத் தெரியவேண்டியதில்லை. அலைவரிசைச் சேமிப்பைவிட இதில் கிடைக்கும் சமத்துவத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். தேசியப் பங்குச்சந்தை ஒரு காலத்தில் தரகர்களுக்கு விலைத்தரவை டிசிபி இணைப்புகள் வழியே வரிசையாக அனுப்பியது. முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைக்கும் நிலை இருந்தது. 2014-இல் மல்ட்டிகாஸ்ட் வந்தது. பழைய முறை தொடர்பான வழக்கில் செபி 2019-இல் 624.89 கோடி ரூபாயைத் திருப்பிச் செலுத்தச் சந்தைக்கு உத்தரவிட்டது. 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை நீக்கி, போதிய கவனம் இல்லாததற்காக 100 கோடி செலுத்தச் சொன்னது. ஒரே பாக்கெட்டை ஸ்விட்ச் எல்லோருக்கும் பிரதி எடுக்கும்போது இந்த முன்பின் வரிசைக்கே இடமில்லை.

முறையின் பலவீனமும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. கேட்பவரை அறியாத அனுப்புநர், பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பமாட்டார். யாருக்கு வேண்டும் என்று கவனிக்கும் பொறுப்பு முழுவதும், கருவிகள் குழுவில் சேரும் ஐஜிஎம்பி செய்திகளை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்கும் ஸ்நூப்பிங்கிடம் வருகிறது. ஆனால் அது தானாக எதையும் கேட்பதில்லை. விலேன் எனும் தனிப் பிரிவில் குவெரியர் (கேள்வி கேட்கும் கருவி) ஒன்று அவ்வப்போது "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டால்தான் பதில்கள் வரும். குவெரியர் இல்லாவிட்டால் வழக்கமான அமைப்பில் 260 விநாடியில் ஸ்விட்ச் குழுவை மறந்துவிடும். படம் நன்றாகத் தொடங்கி, நான்கு நிமிடம் கடந்து நின்றுபோகும். பழி கேமராவின் மேல் விழும். அவசரத்தில் ஸ்நூப்பிங்கையே அணைத்துவிடுவார்கள். உடனே எல்லாக் கேமராப் படமும் எல்லாப் போர்ட்டுக்கும் பாய்ந்து, 100 மெகாபிட் போர்ட்டில் இருக்கும், எந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி திணறும். உற்பத்தி வரிசையை நிறுத்தக்கூடிய இந்தக் குறுக்குவழியை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

முகவரித் தேர்விலும் கண்ணி உண்டு. குழு முகவரியின் கடைசி 23 பிட்கள் மட்டுமே மேக் முகவரிக்குள் செல்வதால் 32 முகவரிகள் ஒரே மேக்கைப் பகிர்கின்றன. 239.128.0.1 என்று வைத்தால் அது எல்லாக் கருவிகளுக்குமான 224.0.0.1-இன் மேக்கோடு மோதும். பல ஸ்விட்சுகள் அதை எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்.

கேமராக்களும் கட்டுப்பாட்டறையும் வெவ்வேறு விலேனில் இருந்தால் ரூட்டிங் வேண்டும். மல்ட்டிகாஸ்ட் ரூட்டிங் நெறிமுறையான பிம்மின் டென்ஸ் மோடு முதலில் எங்கும் பரப்பி, பிறகு வெட்டும், ஆலைக்கு ஆகாது. ஸ்பார்ஸ் மோடுக்கு, மூலமும் கேட்பவரும் சந்திக்கும் ரெண்டேவூ பாயிண்ட் வேண்டும், அது எது என்பதில் எல்லா ரூட்டர்களும் ஒத்துப்போகவேண்டும். பாக்கெட், மூலத்துக்குத் திரும்பும் பாதையின் வழியாகவே வந்ததா என்று ஆர்பிஎஃப் சோதிக்கும். இல்லையென்றால் சத்தமின்றிக் கைவிடும். இதையெல்லாம் சரிசெய்த பிறகும், மூலக்கருவி பாக்கெட்டின் பயண வரம்பான டிடிஎல்லை 1 என்று வைத்து அனுப்பினால் படம் ரூட்டரைத் தாண்டாது.

இந்தச் சிக்கலைக் குறைக்கும் நல்ல வழி எஸ்எஸ்எம், 2006-இன் ஆர்எஃப்சி 4607. 232 தொடரில், ஐஜிஎம்பி மூன்றாம் பதிப்பின் துணையோடு, எந்த மூலத்திலிருந்து வேண்டும் என்பதைக் கேட்பவரே சொல்கிறார். ரெண்டேவூ பாயிண்ட் தேவையில்லை. பழைய கருவிகள் மூன்றாம் பதிப்பை அறியாதது மட்டும் தடை.

எல்லாம் ஒரே விலேனில் அடங்கும் ஆலைக்கு பிம் வேண்டாம் என்பது என் தீர்மானம். கோர் ஸ்விட்சில் குவெரியரும் மற்றவற்றில் ஸ்நூப்பிங்கும் போதும். வைஃபையில் பார்ப்பவர்களுக்கு யூனிகாஸ்ட் கொடுங்கள். மல்ட்டிகாஸ்ட் அங்கே பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில், பெற்றதற்கான ஒப்புகை இல்லாமல் செல்லும். வேலையை முடித்துக் கொடுக்கும் ஒப்பந்ததாரரிடம், எந்தக் கேமராவுக்கு எந்தக் குழு முகவரி, எந்த ஸ்விட்ச் குவெரியர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோர் ஸ்விட்சை மாற்றும் நாளில் புதிய பொறியாளர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.