சொல்லும் அது வந்த வாக்கியமும்: கிண்டிலில் ‘மோபி டிக்’

தினம் ஓர் அரிய ஆங்கிலச் சொல்லை அனுப்பும் செயலிகள் எத்தனையோ வந்துவிட்டன. காலையில் அறிவிப்பு வரும், பொருளைப் படிப்போம், மாலைக்குள் மறந்துவிடும். அந்தச் சொல்லை யார், எந்த நெருக்கடியில், எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியாத வரையில் அது மனதில் ஒட்டுவதில்லை. மின்னூல் வாசிக்கும் கிண்டில் கருவியில் உள்ள ‘வொக்காபுலரி பில்டர்’ வசதியை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான்.

படிக்கும்போது தெரியாத சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சிறு பெட்டியில் பொருள் வரும். அகராதி கருவிக்குள்ளேயே இருப்பதால் இணையம் தேவையில்லை. தேடிய சொல், அது வந்த வாக்கியத்தோடும் புத்தகத்தின் பெயரோடும் தானாகவே ஒரு பட்டியலில் சேர்ந்துவிடும்.

சோதித்துப் பார்க்க ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலை எடுத்துக்கொண்டேன். பதிப்புரிமை முடிந்த நூல். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திமிங்கில வேட்டைக் கப்பலின் பேச்சு முழுக்க இதில் இருக்கிறது. ‘பின்னக்கிள்’ என்பது கப்பலில் திசைகாட்டியை வைக்கும் கூடு. அகராதியில் இது ஒரு வரிச் செய்தி. நாவலிலோ, புயலுக்கு மறுநாள் கேப்டன் ஆகாப் அந்தக் கூட்டுக்குள் தலையை நுழைத்து, திசைகாட்டி முள் தலைகீழாகத் திரும்பியிருப்பதைப் பார்க்கிறார். பட்டியலில் அந்த வாக்கியத்தை மறுபடி படிக்கும்போது பொருளைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இதே நூல் கருவியின் எல்லையையும் காட்டுகிறது. ஜி, ஏ, எம் என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல். நடுக்கடலில் இரண்டு வேட்டைக் கப்பல்கள் சந்தித்து, ஆட்கள் ஒருவர் கப்பலுக்கு ஒருவர் போய்ச் செய்தியும் கடிதமும் பரிமாறிக்கொள்வதை அது குறிக்கும். அக்கால அகராதிகளில் அது இல்லாததால் மெல்வில் தாமே 53ஆம் அத்தியாயத்தில் விளக்கம் எழுதிவைத்தார். இன்றைய அகராதிகளில் அதே எழுத்துகளுக்குக் கால் என்ற கொச்சைப் பொருளும் உண்டு. சிறு பெட்டியில் முதலில் கண்ணில் படும் பொருளோடு நின்றுவிடாமல் முழுப் பதிவையும் திறந்து பார்க்கும் பழக்கம் அவசியம். எந்தப் பொருள் பொருந்துகிறது என்பதை வாக்கியம்தான் சொல்லும், கருவி சொல்லாது.

உச்சரிப்பு ஒலியாகக் கிடைக்காது என்பது உண்மையிலேயே குறைதான். அதற்கு மெரியம்-வெப்ஸ்டர் அகராதிச் செயலியை நாடுகிறேன்.

சேர்ந்த சொற்களை அட்டைகளாகக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் அட்டைகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகின்றன. மறக்கப்போகும் நேரம் பார்த்து ஒரு சொல்லைத் திரும்பக் கொண்டுவரும் முறையைப் போலந்தின் பியோத்தர் வோஸ்னியாக் 1987இலேயே கணினி நிரலாக்கிவிட்டார். 2006இல் வந்த ‘ஆங்கி’ என்ற அட்டைச் செயலி அந்த வழியில் உருவானது. அதனால் கிண்டிலில் சேர்ந்தவற்றில் எனக்குப் பிடித்த சொற்களை மட்டும் ஆங்கியில் சேர்க்கிறேன்: முன்பக்கம் சொல்லை மறைத்த வாக்கியம், பின்பக்கம் சொல்லும் பொருளும். கையால் தட்டச்சு செய்வது மெதுவான வேலைதான். ஆனால் அந்த நிதானத்திலேயே பாதி படித்துவிடுகிறோம்.

கிண்டில் வாங்க வசதியில்லாதவர்கள் அச்சுப் புத்தகத்தைப் படித்தே இப்படி அட்டை எழுதலாம். ஆண்ட்ராய்டு போனிலும் கணினியிலும் ஆங்கி இலவசம். ஐபோனில் மட்டும் விலை கொடுக்க வேண்டும்.