பேசாத பெண்ணும் பேயோட்டும் கூட்டமும்

“படம் எப்படி?”

அருப்புக்கோட்டைத் தேநீர்க் கடைகளிலே கேட்கிறது இந்தக் கேள்வி. தறியோசை தாண்டித் தெருமுனையிலே கேட்கிறது. திருச்சுழிக்குச் செல்லும் பேருந்திலே, நரிக்குடிக்குப் போகும் வழியிலே, கரிமூட்டம் புகையும் கருவேலங்காட்டு ஓரத்திலேகூடக் கேட்கிறது. கேட்பவனும் இளைஞன்; விடை தருபவனும் இளைஞன்.

“மூன்றே நாளில் இத்தனை கோடி வசூல்” என்கிறான் ஒருவன். “சண்டைக் காட்சி பிரமாதம்” என்கிறான் மற்றொருவன். “நம்ம ஆள் படம், குறை சொல்லாதே!” என்று மூன்றாமவன் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறான்.

வசூல் எவ்வளவு என்று சொல்லக் கணக்கப்பிள்ளை போதுமே! படம் எப்படி என்று கேட்டால், படம் எதைச் சொல்கிறது, யார் பக்கம் நின்று சொல்கிறது, பார்த்தவன் நெஞ்சிலே எதை விட்டுச் செல்கிறது என்றன்றோ விடை வர வேண்டும்!

இந்தக் கேள்வியை இவ்வளவு கடுமையாக நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. திரைப்படம் இந்த மண்ணிலே வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1977-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான் எம்.ஜி.ஆர். முதன்முறையாக முதலமைச்சர் ஆனார். கொட்டகையிலே கைதட்டிய கரங்கள் வாக்குச் சாவடியிலே முத்திரை குத்தின. விருதுநகரைச் சேர்ந்த வசந்தபாலன் 2006-இல் தந்த ‘வெயில்’ படத்தின் கதை எங்கே தொடங்குகிறது? பள்ளிக்குப் போகாமல் எம்.ஜி.ஆர். படம் பார்த்த சிறுவனைத் தந்தை நிர்வாணமாகக் கொடும் வெயிலிலே நிறுத்துவதில் தொடங்குகிறது. அந்த அவமானம் அவனை வீட்டைவிட்டு ஓட்டுகிறது. ஓடியவன் தஞ்சம் புகுவதும் ஒரு திரையரங்கிலேதான். வெயிலும் வெள்ளித்திரையும் இப்படிப் பின்னிக் கிடக்கும் ஊரிலே, படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் வெறும் பேச்சாகிவிடலாமா?

எனவே, அண்மையில் நண்பர்களுடன் பார்த்த மூன்று படங்களைப் பற்றி, இளைஞர்களே, உங்களிடம் பேச விரும்புகிறேன். முதலாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசியாக வேண்டும்.

அருப்புக்கோட்டையிலே ஒரு நெசவாளர் வீட்டு முற்றம். சுவரிலே கட்டிய வெள்ளை வேட்டிதான் திரை. பதினைந்து பேர் இருந்தோம். படத்தின் பெயர் ‘கொட்டுக்காளி’. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு 23 அன்று இங்கே வெளிவந்த படம். பின்னணி இசை என்பதே இல்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் கூவல், காற்று, ஆண்களின் அதட்டல், இவையே இசை.

கதை ஒரு பயணம். மீனா என்ற பெண், முறைமாமன் பாண்டிக்கு என்று நிச்சயிக்கப்பட்டவள். அவள் மனமோ வேறொருவனை நாடுகிறது. அவன் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதைப் பேச்சினூடே உணர்கிறோம். நம் சாதிப் பெண் அப்படி விரும்புவாளா? விரும்பமாட்டாள்! ஆகவே அவளைப் பேய் பிடித்திருக்க வேண்டும். பேய் பிடித்திருந்தால் ஓட்ட வேண்டும். இதுதான் அந்தக் குடும்பத்தின் தருக்கம். ஆட்டோவிலே அவளை ஏற்றிக்கொண்டு, பலி கொடுக்கச் சேவலையும் எடுத்துக்கொண்டு, குலதெய்வத்திடமும் பேயோட்டுபவனிடமும் புறப்படுகிறது கூட்டம். அன்னா பென் மீனாவாகவும், சூரி பாண்டியாகவும் நடித்திருக்கின்றனர். நம்மைப் பல படங்களிலே சிரிக்க வைத்த சூரி, இதிலே அஞ்ச வைக்கிறார்.

மீனா பேசுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் விழி பேசுகிறது. உதடு மூடியே இருக்கிறது. வழியிலே ஒலிபெருக்கியில் வந்த பாட்டொன்றை அவள் மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி வெறிகொண்டு பாய்கிறான், அவளையும், தடுக்க வந்தவர்களையும் அடித்து நொறுக்குகிறான். ஒரு பெண்ணின் முணுமுணுப்பைத் தாங்க முடியாத வீரம்! இன்னொரு காட்சி: சாலையை மறித்து நிற்கிறது ஒரு காளை. மீசை முறுக்கிய ஆண்கள் அதன் அருகே போக முடியாமல் தவிக்கின்றனர். சிறுமி ஒருத்தி வந்து அதை வெகு இயல்பாக அழைத்துச் செல்கிறாள். இயக்குநர் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

இந்த இடத்திலே என் நினைவு 1952-ஆம் ஆண்டுக்கு ஓடியது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யில், கலைஞரின் பேனா ஒரு கோயிலுக்குள்ளே நம்மை அழைத்துச் சென்றது. ஆதரவற்ற கல்யாணியிடம் பூசாரி முறைகேடாக நடக்க முயல்வதைக் காட்டியது. அண்ணன் குணசேகரன் பூசாரியைத் தாக்கினான். நீதிமன்றக் கூண்டிலே நின்று முழங்கினான். அந்த முழக்கத்தை மனப்பாடம் செய்த தலைமுறை நம் தாத்தாக்களின் தலைமுறை. ‘கொட்டுக்காளி’யின் இறுதியிலோ, பேயோட்டுபவன் வேறொரு பெண்ணுக்குச் செய்யும் ‘சிகிச்சை’யை, பக்தியின் பெயரால் அவன் கை எங்கெல்லாம் போகிறது என்பதை, பாண்டி தன் கண்ணாலேயே காண்கிறான். அடுத்து மீனாவின் முறை. என்ன செய்வான் பாண்டி? படம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இடையிலே 72 ஆண்டுகள்! பூசாரியின் இடத்திலே பேயோட்டி. அந்த இடம் மட்டும் காலியாகவே இல்லை. ஆயின் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். கல்யாணியைக் காக்க ஓர் அண்ணன் வந்தான். மீனாவைக் காக்க யார் வருவார்? காக்க வேண்டிய குடும்பமே அவளை அங்கே இழுத்து வந்திருக்கிறது. குணசேகரன் பேசியபோது, குற்றவாளி எதிர்ப் பக்கத்திலே இருந்தான், நாம் கைதட்டினோம். இங்கே குற்றவாளி நம் பக்கத்திலே, நம் பாயிலே, நம் வீட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கைதட்ட முடியவில்லை. முழக்கம் செய்த வேலையை மௌனம் தொடர்கிறது என்பேன் நான்.

திருச்சுழியை அடுத்திருப்பவர்கள் நாம். ஆதலால் மற்றொன்றும் தோன்றியது. 1879-இல் அந்த ஊரிலே பிறந்த வேங்கடராமன், 1896-இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலை சென்று, மௌனத்திலே அமர்ந்தார். ‘ஞானம்’ என்றார்கள், இரமணர் என்று வணங்கினார்கள். வீட்டாருக்கும் சொல்லாமல் சென்ற ஓர் இளைஞனின் மௌனம் ஞானம்! வீட்டுக்குள்ளேயே இருந்து, மனத்துக்குப் பிடித்தவனை மறக்க மறுக்கும் ஓர் இளம்பெண்ணின் மௌனம் பேய்! மௌனத்துக்கும் ஆண்பால், பெண்பால் பார்த்துப் பெயர் வைக்கும் சமுதாயம் அல்லவா இது!

படம் முடிந்தது. “என்னய்யா, முடிவே இல்லையே!” என்று குறைப்பட்டான் ஒருவன். “நாலு வசனமாவது வைத்திருக்கலாம்” என்றான் இன்னொருவன். பாவு ஓட்டிக் கை காய்த்துப்போன மூதாட்டி ஒருவர் மூலையிலே இருந்தார். அவர் சொன்னார்: “அந்தப் புள்ள பேசாம இருந்ததுதான் சரி. பேசியிருந்தா அடிச்சே கொன்னுருப்பாங்க.” முற்றம் அமைதியாயிற்று. பட விமரிசனம் எழுதும் என் போன்றோர் பத்துப் பக்கத்திலே சொல்வதை அவர் இரண்டு வரியிலே சொல்லிவிட்டார்.

குறையே இல்லையா? உண்டு. மீனா விரும்பிய அந்த இளைஞனைப் படம் காட்டுவதே இல்லை. அடிப்பவன் வீட்டுக்குள்ளே ஆழமாகப் போன காமிரா, அடிபடும் அச்சத்திலே வாழ்பவன் தெருவுக்குள்ளே ஓர் அடியும் வைக்கவில்லை. இந்தக் கதையிலே பறிபோகக்கூடிய உயிர் மீனாவினுடையது மட்டுமல்ல, அவனுடையதும்தான். சாதியைக் கண்டிக்கும் படத்திலும் ஒடுக்கப்பட்டவன் வெளியே நிற்கிறான் என்றால், அதைக் குறை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இரண்டாவது படம் இதே இயக்குநரின் முதற்படம், ‘கூழாங்கல்’. 2021-இல் ராட்டர்டாம் விழாவிலே புலி விருது பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பிலே அனுப்பப்பட்டது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து மனைவி தாய்வீடு போய்விடுகிறாள். அவளை அழைத்துவர, வகுப்பறையிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு புறப்படுகிறான் தந்தை. திரும்பும் வழியெல்லாம் வெயிலிலே நடை. சிறுவன் தாகம் தணிக்க ஒரு கூழாங்கல்லை வாயிலே போட்டுக்கொள்கிறான். தன் உடன்பிறந்தாள் வாழ்விலே நடந்ததே இப்படத்தின் வித்து என்று இயக்குநர் சொல்லியிருக்கிறார்.

மேலூர்ப் பக்கத்துப் பொட்டலிலே எடுத்த படம். ஆயினும் குண்டாற்றின் வறண்ட மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது அயலூர் அல்ல. பள்ளத்திலே ஊறும் நீரைப் பெண்கள் பொறுமையாக மொண்டு குடத்திலே ஊற்றும் காட்சியைப் பாருங்கள். ஆணின் சினத்துக்கும் பெண்ணின் பொறுமைக்கும் நடுவே அந்தக் குடம் நிற்கிறது. இங்கும் எனக்கு ஒரு வினா உண்டு. வறட்சியை வானத்தின் கொடுமையாக மட்டும் காட்டிவிட்டால் போதுமா? கண்மாய் தூர்ந்தது எப்படி? வரத்துக்கால் அடைபட்டது யாரால்? சீமைக் கருவேலம் வயலை விழுங்கியபோது யார் பார்த்துக்கொண்டிருந்தார்? வெயிலுக்கும் ஓர் அரசியல் உண்டு. படம் அதன் வாசல்வரை சென்று திரும்பிவிடுகிறது.

மூன்றாவது, மாரி செல்வராஜின் ‘வாழை’. ‘கொட்டுக்காளி’ வந்த அதே 2024 ஆகஸ்டு 23 அன்றுதான் இதுவும் வந்தது. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை. இயக்குநரின் சொந்த இளமையிலிருந்து எடுத்தது. தாமிரபரணிக் கரையிலே நீர் உண்டு, பசுமை உண்டு. ஆயினும் சிறுவனின் தோளிலே சுமை உண்டு, வயிற்றிலே பசி உண்டு. செழித்த மண்ணிலும் உழைப்பவன் வாடுகிறான் என்றால், குற்றம் மழையினுடையது அல்ல என்பது விளங்கவில்லையா? நம் மாவட்டத்துச் சிவகாசியிலே தீப்பெட்டித் தொழிலில் வதங்கிய குழந்தைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். அதை இந்த வட்டாரத்து இளைஞர்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ‘வாழை’யைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும். இறுதிப் பகுதியிலே ‘வாழை’ நம் கண்ணீரைச் சற்று அதிகமாகவே வேண்டி நிற்கிறது என்பது என் கருத்து. ஆனாலும் அந்தச் சிறுவனின் பசி பொய்யல்ல.

இனி, அந்த முற்றத்துக்கே திரும்புகிறேன். பேயோட்டுபவனைக் கண்டு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் ஓர் இளைஞன். “எந்தக் காலத்தில் இருக்கிறார்கள்!” என்று எள்ளி நகையாடியவன். அவன் கைதட்டியபோது மணிக்கட்டைக் கண்டேன். இரண்டு நிறக் கயிறு! அவன் எந்தச் சாதி என்பதை ஊருக்கு அறிவிக்கும் கயிறு. 2023-இல் நாங்குநேரியிலே பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையிலே, பள்ளிகளில் இத்தகைய கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தது, கயிறு அவிழவில்லை.

பேயை நம்பாதவன்தான் அவன். கடவுளையும் கேள்வி கேட்பவன்தான். ஆயின், மீனாவைப் பிடித்திருப்பதாகப் பாண்டி சொன்ன அதே பேய், பாண்டியைப் பிடித்திருந்த அந்த உண்மையான பேய், இவன் மணிக்கட்டிலே முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதை ஓட்ட வேப்பிலை வேண்டாம், உடுக்கை வேண்டாம். ஒரு கத்தரிக்கோல் போதும். அவனிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. “வீட்டில் கட்டிவிட்டது, அண்ணே” என்றான். பாண்டியும் அப்படித்தான் சொல்லியிருப்பான்!

ஆகவே, தோழர்களே, இந்த மூன்று படங்களையும் பாருங்கள் என்று பரிந்துரைக்கிறேன். தனியே பார்க்காதீர்கள், தாயையும் தங்கையையும் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். படம் முடிந்ததும் வசூலைப் பற்றிப் பேசாதீர்கள். தங்கையிடம் கேளுங்கள், “படம் எப்படி?” என்று. அவள் பேசாமல் இருந்தால், பேய் பிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். அவள் பேசுவதற்கு நம் வீட்டிலே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘கொட்டுக்காளி’ சொல்லாமல் விட்ட முடிவை எழுத வேண்டிய இடம் அதுதான்.