முல்லைக்கொடியும் எருக்கந்தூணும்: திருமுல்லைவாயில் தொன்மத்தில் மண், சமயம், எல்லை

முன்னுரை

போருக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு எல்லை, சமயம், வளம் என மூன்று விடைகளை அடுக்கிச் சொல்வது இன்றைய அரசியல் எழுத்துகளில் வழக்கமாகிவிட்டது. மூன்றும் பொய்யல்ல. ஆயினும் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணும்போது, ஒரு பூசலில் எது முன்னே நின்றது, எது பின்னர் வந்து சேர்ந்தது என்னும் கேள்வி எழாமலே போகிறது. இக்கட்டுரை அக்கேள்வியைச் சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயிலின் தொன்மத்தை முன்வைத்து ஆராய்கிறது. ஆவடி என்றதும் இன்று நினைவுக்கு வருவது 1961இல் தொடங்கப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையும், அங்கு உருவாகி 1971ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட விஜயந்தா பீரங்கி வண்டிகளுமே. அதன் அருகிலேயே, மிகப் பழைய ஒரு போரின் நினைவைக் கோயில் ஒன்று கதையாகச் சுமந்து நிற்கிறது.

மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராண மரபு கூறும் செய்தி பலரும் அறிந்ததே. தொண்டைமான் குறும்பர்மேல் படையெடுத்து வருகிறான். அவன் ஏறிவந்த யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. வாளால் கொடியை வெட்டுகிறான்; குருதி பெருகுகிறது; கொடியின் கீழ் இலிங்கம் வெட்டுண்டிருக்கக் காண்கிறான். தன் தலையை அரிந்துகொள்ள முனைந்த அரசனை இறைவன் தடுத்து, நந்தியைத் துணையாகத் தந்து போரில் வெல்லச் செய்கிறார். நந்தி இறைவனை நோக்காமல் கிழக்கு நோக்கி, போருக்குப் புறப்படுவதுபோல் அமர்ந்திருப்பதற்கும், கருவறை முன்புறத்தில் எருக்கந்தூண்கள் இரண்டு நிற்பதற்கும் இக்கதையே விளக்கம். அத்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர்.

பதிகத்தில் இல்லாத பகைவன்

இக்கதைக்குப் பழமையான சான்று சுந்தரர் இத்தலத்தின்மேல் பாடிய தேவாரப் பதிகம். தொண்டைமான், அவனது களிறு, சூழ்ந்த முல்லைக்கொடி, வெளிப்பட்டருளிய இறைவன் ஆகிய நான்கும் அப்பதிகத்தில் உள்ளன. குறும்பர் இல்லை. பகைவர் பெயரும் கோட்டையும் இல்லை. நந்தி படைத்துணையாகச் சென்ற செய்தியும் இல்லை. கொடி யானையைக் கட்டுவது அரசனுக்கு அருள் கிட்டுவதற்கான வழியாகவே பாடப்படுகிறது. வெட்டும் குருதியும்கூடப் பதிகத்தில் வெளிப்படையாக இல்லை.

இதே பதிகத்தில் மற்றொரு பாடல் ஊரின் நிலத்தை வருணிக்கிறது. சேற்று வயல், செந்நெல், தாமரைமேல் உறங்கும் நண்டு, இசைபாடும் வண்டு என அங்கு வருபவை அனைத்தும் மருதத்தின் கருப்பொருள்கள். ஊரின் பெயரோ முல்லை. ஆநிரையும் காடும் உரிய நிலத்தின் பெயரைத் தாங்கிய ஊர், சுந்தரர் காணும்போது நெல்வயலால் சூழப்பட்டுவிட்டது. பெயருக்கும் நிலத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியே தொன்மத்தைத் திறக்கும் சாவி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதனை வெறும் தேவார வருணனை மரபு என ஒதுக்கலாம். எல்லாத் தலங்களிலும் நெல் விளையத்தான் செய்கிறது. ஆனால் எல்லாத் தலங்களிலும் அரசனின் யானை முல்லையில் சிக்குவதில்லை.

தொல்காப்பியம் புறத்திணைகளை அகத்திணைகளோடு இணைத்துக் காட்டுகையில் முல்லைக்குப் புறனாக வஞ்சியை வைக்கிறது. ஒருவர் நிலத்தை மற்றவர் விரும்பும் மண்ணசையே அத்திணைக்குரிய போரின் காரணமாகச் சொல்லப்படுகிறது. நிரை கவர்தலாகிய வெட்சி குறிஞ்சிக்குப் புறன். ஆக, ஆநிரைக்காக நிகழும் போர் வேறு, மண்ணுக்காக நிகழும் போர் வேறு என்பதை இலக்கணம் பிரித்தறிந்திருக்கிறது; மண்ணுக்கான போரை முல்லையோடு சேர்த்திருக்கிறது. இங்குச் சமயத்துக்கு இடமில்லை. காட்டை அழித்து நாடாக்கிக் குளம் தோண்டிய கரிகாலனைப் பட்டினப்பாலை புகழும்போதும், அச்செயலுக்கு இறைவனின் ஆணை தேவைப்படவில்லை. அரசனின் வலிமையே போதுமானதாக இருந்தது. திருமுல்லைவாயில் கதையில் முல்லையை வெட்டும் வாள் இந்த மரபின் வாள்தான். புதியது ஒன்றே: வெட்டியவன் வருந்துகிறான், வெட்டப்பட்ட இடத்தில் தெய்வம் இருக்கிறது. காட்டை அழித்ததற்கான கழுவாய் கோயிலாகிறது. அதே கோயில் அடுத்த வெற்றிக்கான உரிமையையும் அரசனுக்கு வழங்கிவிடுகிறது.

சமணம் நுழையும் இடம்

பகைவனுக்கு முழு வடிவம் கிடைப்பது பிற்காலக் கதைகளில். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் உள்ள குறும்பர் வரலாறு இங்கு முதன்மையானது. அதன்படி குறும்பர் தொண்டைமண்டலத்தை 24 கோட்டைகளாகப் பகுத்து ஆண்டனர். புழல் அவர்களின் தலைமைக் கோட்டை. சமணர் ஒருவர் வந்து அவர்களைத் தம் சமயத்துக்கு மாற்றினார். குலோத்துங்க சோழனின் மகன் ஆதொண்டன் முதற்போரில் தோற்றுப் பின்வாங்கி, சிவனருளால் மீண்டு வந்து அவர்களை அழித்தான். பின்னர் வேளாளரைக் கொணர்ந்து குடியேற்றினான்.

இதனை நடந்த வரலாறாகக் கொள்வோர் காலமுரணைக் கவனிப்பதில்லை. முதற்குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல். அவனுடைய மகனின் போரை, அவனுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முந்திய சுந்தரர் பாடியிருக்க இயலாது. 1893இல் பாரதவர்ஷத்தின் ஆதிகுடிகளைப் பற்றி நூல் எழுதிய குஸ்டாவ் ஓப்பர்ட், குறும்பரைத் தொல்குடியாக நிறுவும் ஆர்வத்தில் இக்கதைக்கு அதற்குரிய தகுதிக்கு மீறிய இடம் கொடுத்தார். எனினும் கதையைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவதும் பயனற்றது. புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. சமணத்தின் நினைவு அம்மண்ணுக்கு அயலானதன்று. கேட்க வேண்டியது, பதிகத்தில் இல்லாத சமயப்பகை கதையில் ஏன் தேவைப்பட்டது என்பதே.

கதையின் முடிவு இதற்கு விடை தருகிறது. போர் முடிந்தவுடன் கதை வழிபாட்டைப் பற்றி நெடிது பேசுவதில்லை, குடியேற்றத்துக்குத் தாவுகிறது. யாருக்கு எந்த ஊர், யார் முதலில் வந்தோர் என்பதே பேச்சு. மண்ணை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவரிடம் தருவதற்கு, முன்னிருந்தவர் அதற்குத் தகுதியற்றவர் எனக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆயர் என்பது தகுதியின்மை ஆகாது. புறச்சமயத்தார் என்பது ஆகும். கோட்டை 24 என்பது பின்னாளைய நிருவாகப் பிரிவாகிய 24 கோட்டங்களோடு அப்படியே பொருந்துவதும் தற்செயலன்று. இருக்கும் எல்லைகளுக்கு வெற்றிக்கதை பின்னோக்கிப் பிறப்புச் சான்று எழுதித் தருகிறது.

மிராசு வழக்கில் தொன்மம்

இது இலக்கிய நயத்துக்கான வாதம் மட்டுமன்று. இப்பகுதி 1763இல் ஆர்க்காட்டு நவாபால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்ட ஜாகீர். நிலவரி யாரிடம் தண்டுவது, தரிசு யாருக்குரியது என்னும் சிக்கல்கள் எழுந்தபோது காணியாட்சி, மிராசு எனும் சொற்கள் கச்சேரிகளில் மோதின. சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ், மிராசு உரிமை குறித்த வினாக்களுக்கு அளித்து 1818இல் அச்சான விடைகளில், குறும்பரை வென்ற ஆதொண்டன் வேளாளரைக் குடியேற்றிய கதை உரிமையின் தோற்றுவாயாக எடுத்தாளப்படுகிறது. திருக்குறளில் ஆழ்ந்த புலமையுடைய எல்லிஸ் கதையைக் கதையாக அறியாதவர் அல்லர். ஆயினும் வாய்மொழியாக வழங்கிய தொன்மம் அவர் கையில் அரசு ஆவணத்தின் பகுதியாயிற்று.

ஆவணம் ஆனபின் அதன் விளைவு கதைக்கு வெளியே தொடர்ந்தது. தரிசு நிலத்தை உழ விண்ணப்பிப்போருள் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்னும் நடைமுறையால், அம்மண்ணில் தலைமுறைகளாக உழைத்த பறையர் நிலம் பெற இயலாமல் நின்றனர். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் 1891இல் அரசுக்கு அளித்த குறிப்பு இந்நிலையை வெளிப்படுத்தியது; அதன் தொடர்ச்சியாகவே 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. அந்நிலங்களின் மீட்புக்கான போராட்டம் செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இன்றும் ஓயவில்லை. யார் முதலில் வந்தார் என்னும் கதையின் கேள்வி, இன்று யாரிடம் பட்டா உள்ளது என்னும் கேள்வியாக நீடிக்கிறது.

பகைவனின் நினைவிடம்

ஒப்பீட்டுக்கு இலங்கையின் மகாவம்சத்தை நோக்கலாம். துட்டகாமணி எல்லாளனை வென்ற போர் அங்குப் பௌத்தத்தின் பொருட்டு நிகழ்ந்த போராகச் சித்திரிக்கப்படுகிறது. மன்னனின் வேலில் புத்தரின் தாது பதிக்கப்படுகிறது. வெற்றிக்குப்பின் கொலைகளை எண்ணி வருந்தும் மன்னனுக்கு அரகந்தர் கூறும் ஆறுதல், புறச்சமயத்தாரின் சாவைக் கணக்கிலேயே சேர்க்காத ஆறுதல். தொண்டைமானின் வருத்தமோ கொடியை வெட்டியதற்காக மட்டுமே. குறும்பரைக் கொன்றதற்காக அவன் வருந்தியதாகக் கதை சொல்வதில்லை. இவ்விடத்தில் இரு மரபுகளும் நெருங்கி நிற்கின்றன. எனினும் ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. மகாவம்சம் எல்லாளனை நீதி தவறாத அரசனாகப் போற்றுகிறது; அவன் வீழ்ந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி மதிப்புச் செய்யுமாறு வென்றவனே ஆணையிட்டதாகச் சொல்கிறது. அக்கதை 20ஆம் நூற்றாண்டில் இனப்பகைக்குப் பயன்பட்டபோது, எல்லாளனைப் பற்றிய இப்பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டது. நூல் ஒன்று சொல்ல, அதனை ஏந்தியோர் வேறொன்று கேட்டனர்.

திருமுல்லைவாயிலில் மறப்பதற்கும் அவ்வாறு ஒன்று இல்லை. குறும்பரின் அறம் பற்றியோ அவர்கள் பக்கத்து நியாயம் பற்றியோ தலபுராணம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவர்கள் எஞ்சியிருப்பது இரண்டு எருக்கந்தூண்களாகவே. எருக்கு காட்டிலும் தரிசிலும் தானே முளைப்பது. அதனால் கோட்டை கட்டினர் என்பது நம்பத்தக்க கட்டடச் செய்தியன்று. உழவு கொள்ளாத நிலத்தின் அடையாளமாகவே அதனைக் கொள்ள வேண்டும். முல்லைக்கொடி தெய்வமாக உள்ளே சென்றுவிட்டது. எருக்கு தோற்றவனின் உடைமையாக வாயிலில் நிறுத்தப்பட்டது. ஒரே காட்டின் இரு செடிகளுக்கு நேர்ந்த இவ்வேறுபாட்டைத் தலபுராண ஆய்வுகள் இதுவரை பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் தொண்டைநாட்டை ஐந்திணைகளாகப் பகுத்துப் பாடியதோடு, நிலங்கள் ஒன்றோடொன்று மயங்குவதையும் அழகுறக் காட்டுகிறார். அங்கு முல்லை வெல்லப்பட்ட நிலமாக அன்றி, மருதத்தோடு அருகருகே வாழும் நிலமாகவே நிற்கிறது. மெக்கன்சி சுவடிக் கதையைச் சேக்கிழாரின் இப்பகுதியோடு வைத்துப் படிக்கும் ஆய்வு தனியே செய்யத்தக்கது. குறும்பரின் தலைமைக் கோட்டை எனப்பட்ட புழலில், காவாங்கரையில், இலங்கைப் போரினின்று தப்பி வந்த தமிழருக்கான முகாம் இன்று இருக்கிறது. அருகிலுள்ள ஏரிக்கு, 1983ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஆந்திர எல்லையைக் கடந்து வரும் கிருஷ்ணா நீர் பூண்டி வழியாக வந்து சேர்கிறது.